எம்பஸிக்குச் சொல்லுங்க

கலைமதி எல்.எல்.எம். சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தர்மபுரி நீதிமன்றத்தில் வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் ஜீவனாம்சமுமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தவள், மேற்படிப்புக்கு எடுத்ததோ பன்னாட்டுப் பொதுச்சட்டம். வக்கீல்கள் சங்க அறையில் ஒரே சிரிப்பு.

“இங்க ஒக்காந்துகிட்டு எந்த நாட்டு மேலம்மா கேஸ் போடப் போற?” என்றார் மூத்த வக்கீல் கலைவாணன்.

“யாராச்சும் வக்காலத்து குடுத்தா போடறேங்க சார்” என்றாள்.

ஆசை வந்த கதை வேறு. ஆறு தடம் மாறினால் இரு நாடுகளின் எல்லையும் மாறுமா என்று ஒரு பழைய தீர்ப்பை ஒருநாள் படித்தாள். இண்டூரில் ஓடை ஒதுங்கிப்போனதால் வந்த வரப்பு வழக்கை அப்போதுதான் முடித்திருந்தாள். நாடுகளும் பக்கத்துப் பக்கத்துக் காடு கழனிக்காரர்கள்தான் என்று தோன்றிவிட்டது. அன்று பிடித்தது விடவில்லை.

கல்லூரி சேலத்தில். அதியமான்கோட்டையில் பஸ் ஏறினால் தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் படித்ததெல்லாம் தலைசுற்றலாகிவிடும். அதனால் மாலையில் கணவர் சந்திரமோகனின் பஞ்சர் கடையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அவருக்குத் தமிழில் சொல்வாள். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி அவர் தலையாட்டுவார். எங்கே தலையாட்டல் நிற்கிறதோ, அங்கே தனக்கும் சரியாகப் புரியவில்லை என்று கண்டுகொள்வாள்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் காலை, எதிர்வீட்டுப் பூவிழி அழுத கண்ணோடு வந்து நின்றாள். அவள் கணவன் கதிரவன் வளைகுடா நாடொன்றில் லாரி ஓட்டுகிறவன். விபத்து ஒன்றில் சிக்கி, போலீஸ் பிடித்துப் போனதாக அறைத்தோழன் சொன்னதுதான் கடைசித் தகவல்.

“நீங்க படிக்கறது வெளிநாட்டுச் சட்டந்தானுங்களே அக்கா? அவரு இருக்கறாரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க.”

கலைமதிக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. வேறொரு நாட்டில் பிடிபட்டவன் கேட்டால், அவன் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கேட்கலாம் என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். வியன்னா உடன்படிக்கையின் முப்பத்தாறாம் விதி. தேர்வுக்காகப் படித்திருந்தாள், அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

“ஒக்காரு பூவிழி. அவரு பாஸ்போர்ட் நகல் இருக்குதா?”

வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் புகார் பதிந்தாள். விதியைக் குறிப்பிட்டுத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வராதபோது மறுபடி அனுப்பினாள். தூதரகத்துக்குப் போன் போட்டு, தப்பும் தவறுமான இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தாள். கடைசியில் அதிகாரி ஒருவர் நேரில் போய்க் கதிரவனைப் பார்த்தார். அரபியில் எழுதிய வாக்குமூலம் புரியாமல் அவன் கையெழுத்துப் போட மறுத்ததே சிக்கலாகியிருந்தது. தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வந்தார், தவறு எதிர்வண்டியுடையது என்று தெரிந்தது, விட்டுவிட்டார்கள்.

பூவிழியின் போனில் அவன் குரல் வந்தபோது கலைமதியும் பக்கத்தில் இருந்தாள். “சாப்டியா?” என்றுதான் முதலில் கேட்டான். ஊருக்கு வந்துவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; அவனோ ஒப்பந்தம் முடியட்டும் என்று அங்கேயே வேறு லாரி ஏறிவிட்டான்.

அந்த விதியைப் பற்றியே கலைமதி ஆய்வுரை எழுதினாள். வாய்மொழித் தேர்வில், “இந்த உரிமை ஏட்டில் மட்டும்தானே?” என்று மடக்கினார் பேராசிரியர்.

“கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஏட்டுக்கு வெளியவும் இருக்குதுங்க சார்” என்றாள். முதல் வகுப்பில் தேறினாள்.

இப்போதும் வரப்பு வழக்குகள்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மொரப்பூர்ப் பக்கமிருந்தெல்லாம் அவள் வீட்டுக்கு வருகிறார்கள். டீ கொடுத்து, ‘எங்கள் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்’ என்ற ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்திலும் அரபியிலும் சொல்லித்தருகிறாள். போன வாரம் வந்த இன்னாசி அரபியில் தடுமாறிக்கொண்டே இருந்தான்.

“மெதுவா வரட்டும், அவசரமில்ல. இன்னொருக்கா சொல்லு” என்றாள்.