ஒற்றையர் கோப்பையில் ரெஜினாவின் பெயர்

அன்று காலை நான் முதலில் செய்தது மோட்டாரைப் போட்டதுதான். தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள், கீழ்த்தொட்டி நிரம்பியிருந்தது. அடுப்பில் பால் வைத்தபோது போன் அடித்தது. ரெஜினா அக்காவின் தம்பி ஆன்டனி.

“சுமாக்கா, அக்கா போய்ட்டாங்க.”

“எங்க?” என்று கேட்டேன்.

அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த போன்களில் பாதி இந்த வாக்கியத்தோடு வந்தவைதான். அக்கா போய்ட்டாங்க, தாய்லாந்து. அக்கா போய்ட்டாங்க, உஸ்பெகிஸ்தான். இந்த முறை ஆன்டனி ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை. அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகுதான் எனக்குப் புரிந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு. நாற்பத்தெட்டு வயது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து ஜன்னலுக்கு வெளியே மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகு மோட்டாரை அணைத்தேன். பால் தீய்ந்திருந்தது.

நம் கிளப்பின் இந்தச் சிறப்பு மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரெஜினா ஆம்பூர்க்காரர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். டேனரிக்காரர்கள் தங்கள் ஊழியர்களுக்காகக் கட்டிய இந்த கிளப்பில்தான் ரெஜினா டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். இரட்டையர் ஆட்டம் ஒன்றையே தொழிலாக வைத்துக்கொண்டு நாடு நாடாகச் சுற்றினார். அதற்கு முன்பு, பள்ளி நாட்களிலும் கல்லூரி நாட்களிலும், அவருடைய ஜோடி நான். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நேரில் ‘அக்கா, நீ’ என்றுதான் பேசுவேன். எழுத்தில் ‘அவர்’ என்று வருவதைப் பார்த்தால் சிரிப்பார்.

அவர் இறந்த மறுநாள் ஒரு பத்திரிகை, ‘ஒற்றையரில் சோபிக்க முடியாததால் இரட்டையருக்கு மாறியவர்’ என்று எழுதியது. அஞ்சலிக் கூட்டத்திலும் இரண்டு பேர் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். நான் அதை மறுக்கிறேன். அவர் எதிலிருந்தும் எதற்கும் மாறவில்லை.

சென்னையில் பெயர் பெற்ற ஒரு பயிற்சியாளர் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ரெஜினா அன்று காலைதான் ஒற்றையரில் அவருடைய மாணவி ஒருத்தியை வென்றிருந்தார். “உனக்கு நல்ல கை இருக்கு. டபுள்ஸை மறந்துடு. அது மிச்சம் இருக்கிற நேரத்துல ஆடுறது” என்றார் பயிற்சியாளர்.

“எனக்கு சிங்கிள்ஸ் வரும் சார். பிடிக்கல.”

“ஏன் பிடிக்கல?”

“நெட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஆளு இருந்தா சண்டை மாதிரி இருக்குது சார். இந்தப் பக்கமும் ஒரு ஆளு இருந்தாத்தான் ஆட்டம் மாதிரி இருக்குது.”

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான்தான் இந்தப் பெண்ணைக் கெடுக்கிறேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. வெளியே வந்ததும் ரெஜினா, “இன்னாடி மூஞ்சி சுருங்கிப் போச்சு? உனக்காக ஒண்ணும் சொல்லல, எனக்காகத்தான் சொன்னேன்” என்றார். அது உண்மை என்று எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பல வருடங்கள் ஆயின. நான் ஆட்டத்தை நிறுத்தி, வேதியியல் படித்து, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவர் இரட்டையர்தான் ஆடினார். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எங்கள் இருவருக்கும் பேர் வாங்கித் தந்தது ஒரு தோல்வி. மாநில அளவிலான இறுதி ஆட்டம். எதிரணி தூக்கி அடித்த பந்து என் தலைக்கு மேல் பறந்து, கோட்டுக்கு வெளியே விழப் போகிறது. பின்னால் நின்ற ரெஜினாவுக்கு அது தெரிகிறது. “வுடு!” என்று கத்துகிறார். தொடாமல் விடு என்று பொருள். ஆனால் எங்கள் பக்கத்தில் ‘அவனுக்கு ஒண்ணு வுடு’ என்றால் ஓங்கி ஒரு அறை கொடு என்றுதான் பொருள். நான் எகிறி, உடம்பில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்து ஒன்று விட்டேன். பந்து நெட்டில் மாட்டிக்கொண்டு கீழே உருண்டது. ஆட்டம் முடிந்தது.

“வுடுன்னியே?” என்றேன்.

“வுடுன்னுதான் சொன்னேன்.”

“வுட்டேனே.”

ரெஜினா கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்து எதிரணிப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவருக்குக் கோபம்.

திரும்பி வரும் பேருந்தில் ராணிப்பேட்டை தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார். “தப்பு அந்த வார்த்தையுது. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. இனிமே நமக்குள்ள வுடுன்னு ஒரு வார்த்தையே கெடையாது. பந்து வெளிய போச்சுன்னா ஜாஸ்தி. முன்னால விழுந்துச்சுன்னா கம்மி. ஜாஸ்தின்னா தொடாத, கம்மின்னா ஓடு.” கடைத்தெருவில் தினம் காதில் விழும் இரண்டு சொற்கள். அவற்றை வைத்து அடுத்த வருடம் அதே கோப்பையை எடுத்தோம்.

இரட்டையர் ஆட்டத்தில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. நான் சர்வீஸ் போடும்போது ரெஜினா நெட்டருகே குனிந்து, முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவார். மூடிய கை என்றால் நின்ற இடத்தில் நிற்பார். விரித்த கை என்றால் குறுக்கே பாயப் போகிறார். அவர் பாய்ந்துவிட்டால் அவர் நின்ற இடம் காலி. அதை மூட நான் ஓட வேண்டும். அவர் பந்தை வெட்டி எறிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். ஓடிவந்து காலி இடத்தில் சும்மா நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அவர் மட்டும் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: “மூடிட்டியா?”

“மூடிட்டேன்.”

“அதான் தைரியமா போனேன்.”

வெளிநாட்டில் ஒரு பட்டம் வென்று வந்தபோது இதே கிளப்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் இருந்த ஷூ கம்பெனி மேலாளர் ஒருவர் மைக்கிலேயே கேட்டார். “எல்லாம் ஓகேம்மா. தனியா எப்போ ஜெயிக்கப் போறே?”

வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மாதிரி காட்ட ஒரு கால் ஷூவை மட்டும் தைத்து அனுப்புவது நம் கம்பெனிகளின் வழக்கம். ரெஜினா மைக்கை வாங்கிக்கொண்டார். “சார், உங்க கம்பெனியில ஒத்தக் கால் ஷூ எதுக்கு செய்றீங்க?”

“சாம்பிளுக்கு.”

“சாம்பிள்தான சார் ஒத்தையா போவும். ஆர்டரு ஜோடியாத்தான வரும்?”

பின்வரிசையில் இருந்த தையல் பிரிவுப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். மேலாளர் கடைசியில் சிரித்தார்.

இரட்டையரை மட்டும் ஆடுபவருக்கு வெளியூரில் ஜோடியே கிடைக்காமல் போவதுண்டு. பெயர் பதியும் மேசை அருகே நின்று, யாருக்காவது கூட்டாளி வராமல் போகிறாரா என்று காத்திருப்பார். “பொண்ணு பாக்க வர்ற மாதிரி நடந்துக்குறாளுங்கடி. ரேங்க் கேக்குறா, வயசு கேக்குறா, முட்டி நல்லா இருக்குதான்னு கேக்குறா” என்பார் போனில். ஒருமுறை, “இன்னிக்கு யார் கூட?” என்று கேட்டேன். “கஜகஸ்தான் பொண்ணு ஒருத்தி. எனக்கு இங்கிலீஷ் கம்மி, அவளுக்கு அதைவிட கம்மி. ஆனா ஜாஸ்தின்னா இன்னான்னு கத்துக்கிட்டா. நான் சொல்றதுக்கு முன்னாடி அவளே கத்துறா.” முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கோ ஒரு கோர்ட்டில் ஜாஸ்தி என்று கத்துவதை நினைத்து, வேலூரில் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அது என் வார்த்தையும்தான் அல்லவா.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் பதில் சொல்ல வைத்தார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவுக்கார அத்தை ஒருவர், “டபுள்ஸ் டபுள்ஸ்னு சுத்துறியே, வீட்ல எப்போ டபுள்ஸ்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். ரெஜினா சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். “பார்ட்னர் சரியில்லன்னா அடுத்த வாரமே மாத்திக்கிற பழக்கம் எனக்கு அத்தே. உங்க வீட்டுப் பையன் யாராச்சும் அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்லுங்க.”

தோள்பட்டை ஒத்துழைக்காமல் போனதும் ஊர் திரும்பினார். இங்கே இருக்கும் இரண்டு கோர்ட்டும் மாலையானால் இரண்டிரண்டு ஆண்களின் பிடியில் இருந்தன. சனிக்கிழமை மாலை மட்டும் இரண்டாவது கோர்ட்டில் இரட்டையர்தான் என்று விதி கொண்டுவர வேண்டும் என்றார். கிளப் செயலாளர் மறுத்தார். “ஒரு கோர்ட்ல ரெண்டு பேரு ஆடுனா, ரெண்டு பேரு வெளிய நிக்குறாங்க சார். அந்த ரெண்டு பேரு எப்பவும் பொம்பளைங்களா இருக்காங்க” என்றார் ரெஜினா. மூன்று சனிக்கிழமைகள், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் நஸ்ரீனையும் என்னையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து, மட்டையோடு கோட்டோரமாக நிற்க வைத்தார். சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. நான்கைந்து பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றால் ஆண்களால் நிம்மதியாக சர்வீஸ் போட முடியாது என்பது அவருக்குத் தெரியும். நான்காவது வாரம் விதி வந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இன்றும் நடக்கிறது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

அஞ்சலிக் கூட்டத்தில் கிளப் ஒரு முடிவை அறிவித்தது. ஆண்டுதோறும் ரெஜினா நினைவுக் கோப்பை. பெண்கள் ஒற்றையர்.

கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் போனேன். “ஒற்றையரா சார்?”

“டபுள்ஸ்ன்னா பாக்க யாரு மேடம் வருவாங்க? ஸ்பான்சர் சிங்கிள்ஸ்தான் கேக்குறாரு. அவங்க பேரு பெருசா நிக்கணும் இல்லியா?”

“அவங்க வேண்டாம்னு சொன்ன ஆட்டம் சார் அது.”

“பேருதான மேடம். எதுல இருந்தா இன்னா? நீங்கதான் அவங்க பழைய தோஸ்த், கப் நீங்கதான் குடுக்குறீங்க. மலருக்கு ஒரு கட்டுரையும் குடுத்துடுங்க.”

பக்கத்தில் நின்ற நஸ்ரீன், “அக்கா உயிரோட இருந்தா இந்த கப்ப வாங்கி பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாங்க” என்றார். செயலாளர் அதைக் கேட்காததுபோல் நகர்ந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் பத்து வருடத்தில் அந்தக் கோப்பையை வாங்கும் பெண், ரெஜினா என்று ஒரு ஒற்றையர் வீராங்கனை இருந்தார் என்று நினைப்பாள். வாழ்நாள் முழுக்க ஒருவர் மறுத்த ஒன்றை, அவர் மறுக்க முடியாமல் போன பிறகு அவர் கழுத்தில் மாட்டுகிறோம். அதற்குப் பெயர் மரியாதை என்றால் அந்த மரியாதை அவருக்கு வேண்டாம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். புள்ளியை இழந்ததும் பெரும்பாலானவர்கள் மட்டையின் நரம்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்கள். அவர் அப்படிச் செய்ய விடமாட்டார். “தோத்தவொடனே பார்ட்னர் மூஞ்சப் பாரு. அவ உன்ன விட பேஜார்ல இருப்பா” என்பார். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவியின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவை நழுவி உடைந்தால் நான் இப்போதும் தரையைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தைப் பார்க்கிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் அந்த அறிவிப்பு வந்தபோதும் அப்படித்தான் தலையை நிமிர்த்தினேன். முன்வரிசையில் ஆன்டனி இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நம் செயலாளருக்கு மலரில் வரும் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. படம் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்த நம்பிக்கையில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதை நான் ஆன்டனியிடமோ நஸ்ரீனிடமோ வீட்டிலோ இதுவரை சொல்லவில்லை.

மலர் உங்கள் கைக்கு வரும்போது முதல் கோர்ட்டில் ஒற்றையர் இறுதி ஆட்டம் முடிகிற நேரமாக இருக்கும். அன்று சனிக்கிழமை. இரண்டாவது கோர்ட் விதிப்படி எங்களுடையது. நான் அங்கே இறங்கப் போகிறேன். மற்ற மூன்று பேரும் வழக்கம்போல ஆட வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பரிசளிக்க மைக்கில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆட்டத்தின் நடுவில் ஜோடியை விட்டுவிட்டு யாரும் கோர்ட்டை விட்டு வெளியேறக் கூடாது. நான் போக மாட்டேன்.

நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.