ஒரு கண்ணாடி மீனுக்கு இரண்டு வீடு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது என் வேலை. ஆனால் ஆசையாகச் சேர்ப்பது கண்ணாடிச் சாமான்களை. ஒருநாள் வேப்பூரில் பழைய சாமான் கடையொன்றில் நீலக் கண்ணாடி மீனைப் பார்த்தேன். அதனுள்ளே பொன்னிறக் கோடுகள் சுருண்டு ஓடின. நான் தலையைப் பிடித்தபோது வாலை இன்னொருவர் பிடித்திருந்தார். பெண்ணாடத்தில் கணக்கு வாத்தியாராம்.

"நான்தாங்க முதல்ல பாத்தேன்," என்றார்.

"பாத்தா ஆச்சா சார்? தலை என் கையில இருக்குது," என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் சேந்து வாங்குங்க. ஒரு மாசம் இந்தம்மா வூட்டுல, ஒரு மாசம் சார் வூட்டுல இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். முதல் மாதம் முடிந்ததும் மீனை வாங்கிப்போக வாத்தியார் மனைவியோடு வந்தார். என் அலமாரியைப் பார்த்தவர்கள் சாயங்காலம்வரை நகரவில்லை. அடுத்த மாதம் நான் பெண்ணாடம் போனேன். அங்கே பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒரு பச்சைக் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

"என்னையும் சேத்துக்குவீங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"அப்ப சங்கமே வெச்சிடலாங்க," என்றார் வாத்தியார் மனைவி.

இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். கூட்டத்துக்குப் பஸ்ஸில் போகும்போது பிரேக் போட்டால், நாங்கள் கம்பியைப் பிடிப்பதில்லை. மடியில் இருக்கும் பையைத்தான் பிடிக்கிறோம்.