குங்குமம் வைத்த பிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. அதன் வயிற்றில் எதுவும் தங்காது, எல்லாம் பிளாப்பியில்தான். அதைப் பழக ஆளே வரவில்லை. தட்டித் தட்டி நானாகக் கற்றுக்கொண்டதோடு சரி.

"யானையக் கட்டித் தீனி போட முடியல ஆத்தா," என்றார் முதலாளி. "வீரபாண்டித் திருவிழா முடிஞ்சதும் எடுத்துக்கிறோம்னு வாடகைக்கு விட்ட கடைக்காரவுக சொல்லிட்டாக."

அது போய்விட்டால் எனக்கு வேறு கம்ப்யூட்டர் ஏது?

அதில் ஓடிய தட்டச்சுப் பயிற்சி புரோகிராம், மதுரையில் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தது. திறந்ததுமே ஒரு வரி வரும்: உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்த்தால் எங்களுக்கும் அனுப்புங்கள். திரையில் தமிழ் எழுத்து வரும். தமிழ்ப் பாடம்தான் இல்லை. நான் எழுதிச் சேர்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அவுக ஊருக்கெல்லாம் குடுக்குற பிளாப்பில உன் பாடம் வந்துட்டா நாலு பேரு சேருவாக. அப்ப கம்ப்யூட்டர வச்சுக்கிறேன்."

பாடத்துக்கு எதை எழுத? சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த சொலவடைகளைத்தான். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் புரோகிராம் படுத்துவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று அடித்த அன்றைக்கே நாலு முறை சறுக்கினேன். கடைசியில் ஒருநாள் ஓடியது.

தபால் உறை வாங்கி வருவதற்குள் முதலாளியே பிளாப்பியை அட்டைக்குள் வைத்துக் கட்டியிருந்தார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து கார்டு வந்தது: 'படிக்க முடியவில்லை. உள்ளே குங்குமம்.'

"வெளியூருக்குப் போறதுக்குப் பொட்டு வைக்காம அனுப்பலாமா ஆத்தா? மிஷினுக்கெல்லாம் வைக்கிறதுதான," என்றார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. திட்ட வாய் வரவில்லை. இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை.

திருவிழாவுக்குக் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அழுதாலும் பிள்ளையை அவள்தான் பெற வேண்டும். மறுபடி முதலிலிருந்து அடித்தேன். நாக்கு நுனியில் கிடந்த சொலவடைகள் விரலுக்கு வர மறுத்தன. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் சேமிக்காத வரிகளையும் கொண்டுபோனது. பாதிதான் தேறியது. இருந்ததை அனுப்பிவிட்டு, தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேன்தான் முதலில் வந்தது.

"பதில் வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கண்ணே."

"கேட்டுட்டேன் ஆத்தா. முடியாதுன்னுட்டாக."

மேஜையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

தபால் அதற்கப்புறம் வந்தது. புதுப் பிளாப்பி, கூட ஒரு துண்டுச்சீட்டு: 'உங்கள் சொலவடைப் பாடத்தைச் சேர்த்துவிட்டோம். மீதியையும் அனுப்புங்கள்.'

பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பாடம் அதற்குள் இருக்கிறதாம், பார்க்கத்தான் வழியில்லை. முதலாளி அதை வாங்கி அம்மன் படத்தடியில் வைத்தார். பழக்கத்தில் குங்குமச் சிமிழுக்குப் போன கை, என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"வைங்கண்ணே," என்றேன். "இனிமே வச்சா என்ன."