தண்ணீர் வந்த பிறகு பார்த்த நிலம்

ஐப்பசியில் ஒரு காலை. எங்கள் நகர ஊரமைப்பு அலுவலகம் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முழங்கால்வரை சேறு காய்ந்திருந்த ஒரு பெண் என் மேசைமுன் வந்து நின்றார். ஒரு கையில் அழுகிய நெற்பயிர் ஒரு பிடி. மறு கையில் செல்போன். போனில் ஒரு மனைப்பிரிவின் விளம்பரப் பலகை. அதன் அடியில் எங்கள் அனுமதி எண்.

“இந்த நம்பர் நீங்க குடுத்ததுதாங்களாம்மா?”

“ஆமாம், நான்தான் கொடுத்தேன்.”

“அப்ப இதையும் நீங்களே பாத்துக்குங்க.” பயிரைக் கோப்புகளின் மேலேயே வைத்தார்.

அவர் பெயர் அஞ்சலை. பிறர் வயலில் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்து, தன் உழைப்பில் தன் பெயருக்கு முக்கால் ஏக்கர் வாங்கியவர். அதில் நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் ஐந்து நாளாக நீருக்குள் கிடந்தது. வயலின் கீழ்ப்புறத்தில், நான் அனுமதி கொடுத்த லேஅவுட்டின் தார்ச்சாலை தண்ணீரை மறித்து நின்றது.

சித்திரையில் செய்த பிழை

எங்கள் வேலையைச் சீல் குத்தும் வேலை என்றுதான் வெளியில் நினைப்பார்கள். தஞ்சாவூரைச் சுற்றி வயல் எவ்வளவு வேகத்தில் வீடாகலாம் என்பது எங்கள் மேசையில்தான் முடிவாகும். பெரிய லேஅவுட்டை நாங்கள் ஒரே தடவையில் விடுவதில்லை. முதல் கட்டத்தில் சாலையும் வடிகாலும் முடிந்ததை நேரில் பார்த்த பிறகே இரண்டாம் கட்டத்தின் கோப்பு நகரும்.

அந்த இடத்தை நான் சித்திரையில் பார்த்தேன். உளுந்து எடுத்து முடிந்து நிலம் வெடித்துக் கிடந்தது. வயலோரம் ஒரு நீளப் பள்ளம் தெரிந்தது. நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. என்ற புலப்படத்தில் அது இல்லை. “பழைய வண்டித்தடம் மேடம்” என்றார் உடன் வந்த சர்வேயர். அப்படியே குறித்துக்கொண்டேன்.

அது வடிவாய்க்கால் என்று அஞ்சலை சொல்லித்தான் தெரிந்தது. மேல்வயல்காரர்களின் தண்ணீர் இறங்குவதற்காக, கீழ்வயல்காரர் தம் பட்டா நிலத்திலேயே விட்டிருந்த வழி. வாய்வார்த்தையில் நடந்த ஏற்பாடு. எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆண்டுதோறும் ஆடியில் எல்லாரும் சேர்ந்து வெட்டிவிடுவார்களாம். கீழ்வயல் புரமோட்டருக்குக் கைமாறியதும் அந்த வார்த்தையும் போயிற்று. நான் பார்த்த வேளையில் வயலில் கேட்பதற்கு ஆள் இல்லை. அவர்கள் தெருவுக்குப் போய் நான் கேட்கவும் இல்லை.

சித்திரையில் பார்த்து வண்டித்தடம் என்று குறித்ததை அஞ்சலையிடம் மறைக்காமல் சொன்னேன்.

“சித்திரையில வந்து வாய்க்காலத் தேடுனா எப்படிங்கம்மா கெடைக்கும்? அப்ப அதுவும் லீவுலல்ல இருக்கும்.”

பின்னால் இருந்த டைப்பிஸ்ட் சிரித்துவிட்டார். அஞ்சலை சிரிக்கவில்லை.

நிறுத்திய கோப்பு

அந்த லேஅவுட்டின் இரண்டாம் கட்டக் கோப்பு அப்போது என்னிடம்தான் இருந்தது. முதல் கட்டத்தில் சாலை விழுந்துவிட்டது, நாலு வீடு எழும்பிவிட்டது. அதைத் திருப்ப முடியாது. அடுத்ததை நிறுத்தலாம். நிறுத்தினேன். மறுநாளே புரமோட்டர் வந்தார். சேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“மேடம், வாய்க்கா எங்க இருக்குன்னு எஃப்.எம்.பி.யில காட்டுங்க, நான் ஒத்துக்குறேன்.”

“படத்தில் இல்லை. தண்ணீரில் இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.”

“வெளிநாட்டுல இருக்கறவங்க புக் பண்ணிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க மேடம். நான் என்ன பதில் சொல்றது?”

துணை இயக்குநரும் கூப்பிட்டுக் கேட்டார். “ஃபைல் ஏம்மா உங்ககிட்டயே நிக்குது? மேலேர்ந்து கேட்டா என்ன சொல்லட்டும்?”

“தண்ணீரும் நிற்கிறது என்று சொல்லுங்கள் சார்.”

அவர் நல்ல மனிதர். ஜீப்பை எடுக்கச் சொன்னார். அவரும் சேகரும் நானும் அந்தச் சாலையில் நின்றோம். ஒரு பக்கம் உலர்ந்த மனைகள், மறுபக்கம் நுனி மட்டும் தெரிந்த பயிர். துணை இயக்குநர் அங்கேயே நிபந்தனையைச் சொல்ல, ஜீப்பின் பானட்டில் வைத்து எழுதினேன்: சாலையைக் குறுக்கே வெட்டி, அடியில் தண்ணீர் போகக் கல்வெர்ட் போட்டு, கீழ்வாய்க்கால்வரை வடிகால் எடுத்தால்தான் இரண்டாம் கட்டம். சேகர் ஒரு வாரத்தில் முடித்தார். தண்ணீர் இரண்டே நாளில் வடிந்தது. அதற்குள் பயிர் போய்விட்டிருந்தது.

மூன்றாம் கட்டம்

அதன்பின் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நஞ்சையை ஒட்டிய மனு எந்த மாதம் வந்தாலும், வயலில் தண்ணீர் நிற்கும்போது ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ‘ஐப்பசி மேடம்’ என்று புரமோட்டர்கள் பெயர் வைத்தார்கள். வருந்தவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே லேஅவுட்டின் மூன்றாம் கட்ட மனு வந்தது. சர்வே எண்களைச் சரிபார்த்தபோது அஞ்சலையின் எண்ணும் அதில் இருந்தது. கார்த்திகைவரை கோப்பை வைத்திருந்து, போய்ப் பார்த்தேன். வரப்பில் நின்றிருந்தார்.

“தண்ணி வடியலையா அஞ்சலை?”

“அதெல்லாம் ஜோரா வடியுதுங்கம்மா. குத்தம் சொல்லக் கூடாது.”

“பிறகு ஏன் நிலத்தைக் கொடுத்தீர்கள்?”

“அறுப்பு மிஷின் வர வழியில்லீங்க. சுத்தி வீடாப் போச்சு. தெருவுக்குள்ள செயின் போட்ட அறுப்பு வண்டி வந்தா ரோடு பேந்துடும்னு கேட்டப் பூட்டிட்டாங்க. கையறுப்புக்கு ஆளுக்கு எங்க போறது? நீங்க ஒரு வாய்க்காலத் தேடிக் குடுத்தீங்க. வழியையும் சேத்துத் தேட முடியுங்களா?”

மறுப்பதற்கு விதியில் எந்தக் காரணமும் இல்லை. வடிகால் இருந்தது, சாலை இருந்தது, நிலத்துக்காரரின் சம்மதமும் இருந்தது. அலுவலகம் திரும்பிக் கையெழுத்திட்டேன். முப்பதாண்டுப் பணியில் அவ்வளவு நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தது அன்றுதான்.

இன்று அந்த மேசையில் இருக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேகத்தைக் குறைக்கும் அதிகாரம் முழுதாக நம் கையில் இருப்பது முதல் கையெழுத்துக்கு முன்புதான். பிறகு விதிக்கும் நிபந்தனைகள் தண்ணீரை வடிய வைக்கும். ஒருவர் நட்டு அறுத்து அங்கேயே இருக்க அவை போதாது. ஆகவே காத்திருங்கள். தண்ணீர் எங்கே போகும், அறுப்பு வண்டி எங்கே வரும் என்று சேற்றில் நிற்பவரிடம் கேளுங்கள்.

அந்த முதல் கோப்பை நான் ஐப்பசித் தண்ணீர் வரும்வரை ஆறு மாதம் நிறுத்தியிருந்தால் சேகர் கோபித்திருப்பார். என்னிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். அஞ்சலைக்கு என்னைத் தெரிந்தே இருக்காது. இந்த ஐப்பசியிலும் அவர் தன் வயலில் நட்டுக்கொண்டிருக்க, நான் அவருக்கு முகமே தெரியாத ஒருத்தியாக இருந்திருக்கலாமே என்று ஏங்குகிறேன்.