ஸ்டான்லி பூநாரை பார்க்கப் போன நாள்

ஸ்டான்லியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, பஜ்ஜித் தட்டு வருவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தவன். "மாப்பிள்ளைக்கு வயித்துல ஏதாச்சும் கோளாறா?" என்று ஜெசிந்தாவின் சித்தப்பா கேட்டதை, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்தும் அந்த வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவனுக்கு அமைந்த வேலையும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் காலம் தள்ளினார்கள். ஸ்டான்லி ஸ்டியரிங்கைப் பிடித்தான். சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பி, மாமல்லபுரம், திருப்போரூர் என்று வழியெல்லாம் ஆளேற்றிக்கொண்டு சிறுசேரி ஐ.டி. பார்க்கில் இறக்கிவிடும் கம்பெனி வேன். ஒரு நாளைக்கு நாலு நடை. ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவில் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்கினால், இவன் வேனைச் சுற்றி வந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஜூலை மாதக் காலையில், திருப்போரூரைத் தாண்டியதும் டயர் பஞ்சரானது. வேனிலிருந்த ஏழு பேரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஸ்டான்லி ஜாக்கி போட்டுக் குனிந்தான். பின்னால் வந்த டிப்பர் லாரி வேனை உரசிக்கொண்டு போனது. ஏழு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டான்லிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து, செயற்கைக் காலோடு வேலைக்குப் போனான். கம்பெனி அவனைக் கைவிடவில்லை. எந்த வேன் எந்த வழியில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் உட்கார வைத்தார்கள். ஏசி அறை, சுழல் நாற்காலி. எல்லோரும் நல்லது என்றார்கள். ஸ்டான்லிக்கு அது கூண்டு. மேஜைக்கு அடியில் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். இல்லாத இடது காலின் கட்டைவிரல் அரிக்கும். சொறிய இடமில்லை. வீட்டுக்கு வந்தாலும் டி.வி.யைப் போடுவான், அணைப்பான், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பான்.

"செத்த நேரம் குந்துங்களேன்," என்பாள் ஜெசிந்தா. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவள்.

"குந்திகினுதான கீறேன் காலையிலேர்ந்து!" என்று எரிந்து விழுவான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜெசிந்தாவின் தங்கை ஹெலன் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் ரோஸ் நிறப் பறவை. பூநாரை. 'ஒரு கால் போதும், உறுதியாக நிற்க' என்று கீழே எழுதியிருந்தது. ஜெசிந்தா அதைச் சட்டம் போட்டு, சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அதைக் காட்டி அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னதால் யாரையும் திட்ட முடியவில்லை. அதுதான் அவனை இன்னும் வாட்டியது.

இந்தப் பிப்ரவரியில் அலுவலகத்தில் மனநல வாரம் கொண்டாடினார்கள். பெரிய அரங்கில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். ஹெச்.ஆர். ஹரிப்ரியா மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் திரை முழுக்கப் பூநாரைகள். பூநாரையின் நிறம் பிறவியில் வருவதில்லை, சாப்பாட்டிலிருந்து வருகிறது, நாமும் நல்லதையே உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அது கூட்டமாக வாழ்கிறது, நாமும் சேர்ந்து வாழ வேண்டும் என்றாள். கடைசியில், "ஒரே கால்ல நின்னு அது நமக்கு என்ன சொல்லுது? பேலன்ஸ்! எதை இழந்தாலும் அழகா நிக்கலாம்னு சொல்லுது. நம்ம ஆபீஸ்லயே ஒரு பூநாரை இருக்காரு. ஸ்டான்லி அண்ணா, மேல வாங்க!"

ஸ்டான்லிக்கு முன்கூட்டி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டல் தள்ளிக்கொண்டு போய் அவனை மேடையில் விட்டது. படம் எடுத்த பையன், "அண்ணா, அந்தப் படத்துல இருக்கற மாதிரி ஒரு போஸ்!" என்றான். மைக் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஸ்டான்லி செயற்கைக் காலைத் தூக்கினான். மூன்று வினாடி இருக்கும். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அவனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல வேனில் ஏறியவன், கேளம்பாக்கத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்த, டெஸ்க்குக்கு வரலியா?" என்றான் டிரைவர் சீனு.

"அந்தப் பறவைய ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டு வரேன். பதினேழு வருசம் இந்தப் பக்கமா ஓட்டியிருக்கேன், நின்னு பாத்ததில்ல."

கோவளம் போகும் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து, உப்பங்கழிக்கு நடுவில் இறங்கினான். தூரத்தில் தண்ணீரின் மேல் வெள்ளையும் ரோஸுமாக ஒரு கோடு தெரிந்தது. கரையோரமாகவே நடந்தான். போதவில்லை. இன்னும் கிட்டே பார்க்க வேண்டும் என்று ஈரத்தில் இறங்கினான். பத்தடி தாண்டியதும் மேலே காய்ந்திருந்த சேறு உடைந்து, செயற்கைக் கால் உள்ளே போனது.

இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்தால் முட்டிக்குக் கீழே மாட்டியிருந்த உறை கழன்று, செயற்கைக் கால் சேற்றுக்குள்ளேயே நின்றுவிடும் போலிருந்தது. வலது காலை ஊன்றினால் அதுவும் இறங்கியது. கிட்டத்தில் யாருமில்லை. வியர்த்துக் கொட்டியது. இப்படி ஒற்றைக் காலோடு தவழ்ந்து போய்ச் சாலையில் ஏறினால் அதையும் எவனாவது படம் எடுப்பான் என்று நினைத்தான்.

"இழுக்காத அண்ணாத்த!" கரை மேலிருந்து ஒரு குரல். வண்டியில் நண்டுப் பெட்டி கட்டிய ஒருவர் நின்றிருந்தார். வயது இவனை ஒத்ததுதான் இருக்கும். "இழுத்தா இன்னும் கவ்வும். ஆட்டு. காலை ஆட்டி ஆட்டிச் சேத்தைக் கலக்கு. தண்ணி உள்ள எறங்கட்டும்."

"இது காலு இல்லப்பா, கட்ட!" என்று கத்தினான் ஸ்டான்லி.

"கட்டயோ காலோ, சேத்துக்கு இன்னா தெரியும்? ஆட்டு!"

ஸ்டான்லி ஆட்டினான். தொடையிலிருந்து அசைத்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் கலக்கினான். கறுப்புச் சேறு குழம்பாகி, 'களுக்' என்று தண்ணீர் புகுந்தது. கவ்வியிருந்த பிடி விட்டது. அரையடி நகர்ந்தான், மறுபடி கலக்கினான். கால் மணி நேரத்தில் கரைக்கு வந்துவிட்டான். அந்த ஆள் இறங்கி வந்து தூக்கவில்லை. பாவப்பட்டு எதுவும் சொல்லவுமில்லை. "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்தப் பெட்டி ஒரு பக்கமா சாயுது. ஒரு கை பிடி, இறுக்கிக் கட்டிக்கிறேன்," என்றார்.

விபத்துக்குப் பிறகு ஸ்டான்லியை ஒரு சாமான் பிடிக்கச் சொன்ன முதல் ஆள் அவர். பெட்டி கனத்தது. ஸ்டான்லி பிடித்தான்.

அவர் பெயர் பஷீருதீன். கழியில் பிடிக்கும் நண்டை வாங்கி ஓட்டல்களுக்குக் கொடுப்பவர். தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இங்க இன்னா தேடி வந்த?" என்று கேட்டார்.

"அந்தப் பறவ... ஒத்தக் காலுல நிக்குமாமே."

பஷீருதீன் சிரித்தார். "நிக்கும், தூங்குறப்ப. பசிச்சா எங்க நிக்குது? நல்லாப் பாரு."

கரையிலிருந்தே இப்போது தெளிவாகத் தெரிந்தது. நூறு பறவையாவது இருக்கும். ஓரமாக ஏழெட்டு, தலையை முதுகில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்கின. மற்றவை எல்லாம் தலைகீழாகக் கழுத்தைத் தொங்கவிட்டு, மாறி மாறிக் காலால் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தன. ஒன்று நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றி மிதித்தது.

"அது இன்னா, ஆட்டமா?"

"ஆட்டம் இல்ல, நாஸ்தா. அடியில கீற பூச்சி பொட்டுல்லாம் கலக்குனாத்தான் மேல வரும். மெதிக்கலன்னா பட்டினிதான்."

படத்தில் யாரும் அந்தக் கால்களைக் காட்டவில்லை. தண்ணீருக்கு அடியில் அவை பட்ட பாடு எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. சின்ன வயதில் பெரியவர்கள் அவனை 'ஓயாத கால்' என்று திட்டியதும், விபத்துக்குப் பிறகு டாக்டர் அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. அவன் அழுதான். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்ததில் முகமெல்லாம் சேறானது.

வீட்டில் ஜெசிந்தா அந்தக் கோலத்தைப் பார்த்துப் பதறினாள். நடந்ததைச் சொன்னதும் கோபப்பட்டாள், பிறகு காலைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தாள். "படத்தக் கழட்டிடட்டுமா? உங்களுக்குப் பேஜாரா இருந்தா சொல்லுங்க," என்றாள்.

"இருக்கட்டும். அது தூங்கினு கீது. அவ்ளோதான்."

திங்கட்கிழமை மேலாளர் பரணிதரனிடம் போனான். "சார், என்னை யார்டுல போடுங்க."

அறுபது வேன் வந்து போகும் நிறுத்துமிடம் அது. வரிசை பிரித்து, பின்னால் எடுக்கச் சொல்லி, நாள் முழுக்க நடக்க வேண்டும். பரணிதரன் தயங்கினார். "அது நிக்கிற வேலை ஸ்டான்லி. உங்களுக்காகத்தான் இந்தச் சீட்டையே..."

"தெரியும் சார். குந்த வச்சீங்க, நன்றி. குந்துனாத்தான் எனக்கு வலிக்குது."

ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

ஹரிப்ரியா அவனைத் தேடி வந்தாள். மேடையில் அவன் முகம் மாறியதைக் கவனித்திருக்கிறாள். "தப்பா எடுத்துக்கிட்டீங்களா அண்ணா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா," என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள். மேடையில் எடுத்து அலுவலகச் சுவரொட்டியில் போட்டிருந்த அவன் படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

வாரம் சுலபமாகப் போகவில்லை. நாலாம் நாள் உறைக்குள் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இரண்டு நாள் விடுப்பு, மருந்து, உள்ளே போட வேறு மெத்தை உறை. மறுபடி போனான். மறுபடி புண்ணானது. மூன்றாவது தடவை தோல் தாங்கியது. இப்போது இரண்டு மணி நேரம் நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. ஸ்டான்லி ஆறு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான். இல்லாத கட்டைவிரல் இன்னும் அரிக்கிறது.

கிளட்ச் இல்லாத வண்டி ஓட்ட உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இரண்டு தடவை அந்த அலுவலகத்துக்குப் போய், தேதியை முன்னால் போட முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தான். முடியாது என்றார்கள். நாளைக்கும் போகப் போகிறான்.