அசுரன் கையில் மஞ்சள் கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நித்யா ஒரு நோட்டை நீட்டினாள். காலேஜ் மலருக்காக அவள் எழுதும் மாயாஜாலக் கதை. புரட்டினேன். பறக்கும் மீன், பேசும் பனைமரம், இரண்டு நிலா, ஓர் அசுரன்... எல்லாம் இருந்தன. சாமி மட்டும் இல்லை!

எனக்குச் சுருக்கென்றது. நான் எட்டாவது வரை படித்தவன்தான். ஆனாலும் திருநீறு பூசாமல் வாசல் தாண்டாதவன் - உங்களுக்குத்தான் தெரியுமே.

"இன்னா பாப்பா, இந்த உலகத்துல சாமியே கெடையாதா?"

"கெடையாதுப்பா."

"அப்ப எது பாவம், எது புண்ணியம்னு யாரு சொன்னது? இவன் அசுரன்னு எத வெச்சி முடிவு பண்ண?"

"படிச்சித்தான் பாரேன்."

படித்தேன். அந்த அசுரனுக்குக் கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. ஊருக்கு ஒரே ஊற்று. ஆளுக்கு அரை நாள் முறை. பக்கத்துக் கழனிக்காரி ஊரில் இல்லாத நேரம், அவள் முறைத் தண்ணீரையும் தன் பக்கமே விட்டுக்கொள்கிறான். காலாலேயே மண்ணைத் தள்ளி அவள் மடையை அடைக்கிறான். அவன் கையில் ஒரு மஞ்சள் கயிறு.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் மடுகரையில் என் கழனிக்கும் பக்கத்துச் செல்வி கழனிக்கும் ஒரே போர்வெல்தான். காலையில் எனக்கு, மதியம் அவளுக்கு. இரண்டு மாசம் முன்னால், ஆடியில், தீமிதிக்காகக் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பு கட்டியிருந்தேன். கறி மீன் கிடையாது, காலில் செருப்பு கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது. எவ்வளவு சுத்தம்! செல்வி தன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று மதியம்... அந்தச் சுத்தமான காலால்தான் மண்ணைத் தள்ளினேன். அவள் நாற்றங்கால் கருகிப்போனது. "வெயில் ஜாஸ்திம்மா" என்று ஆறுதல் வேறு சொன்னேன். மறுபடி விதை விட்டாள். இன்றும் அவள் பயிர் என் பயிரைவிட ஒரு சாண் குட்டை.

அப்புறம் தீயிலும் இறங்கினேன். கால் சுடவில்லை. அம்மன் மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்தவள் நித்யா. வரப்பில் நின்று பார்த்திருக்கிறாள்.

"கடைசில இவன் செத்துருவானா?" நோட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல் கேட்டேன்.

"இன்னும் எழுதலப்பா."

மறுநாள் காலை செல்வி களை பறித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"தெர்யும்ணே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பாத்தேன், மடை மண்ணுல காலடி இருந்துச்சே. அந்த வெயில்ல செருப்பு இல்லாம வேற யாரு நடப்பா?"

"அப்பவே நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா..."

"காப்பு கட்டின ஆள எப்டிண்ணே ஏசறது? சாமி குத்தமாயிடாது?"

சாமிக்குப் பயந்தவள் அவள். நான் சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன்.

சாமியே இல்லாத உலகத்துக்குப் பாவத்தை என் மகள் எங்கே போய்த் தேடினாள் என்று கேட்டேன் அல்லவா? ரொம்ப தூரமெல்லாம் இல்லை... அப்பன் கழனி வரைக்கும்தான்.

கதையை எழுதி முடித்துவிட்டாள். நோட்டு டிவி மேல்தான் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

தீயில் இறங்கியவனுக்கு ஒரு நோட்டைத் திறக்கப் பயம்!