பக்கத்துச் சுவரோரம் சொட்டிய நீர்

சென்ற கோடையில், கோவில்பட்டியை ஒட்டிய எங்கள் தெருவில் நடந்தது இது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பியிருந்தார். தையல் போட்ட இடத்தில் வியர்வை தங்கினால் சீழ் பிடிக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததால், அப்பா அவசரமாக ஏசி மாட்டச் செய்துவிட்டு வெளியூர் வேலைக்குத் திரும்பினார். மாட்டிய மெக்கானிக், தண்ணீர் வடியும் குழாயை எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு அத்தை வந்து நின்றார். கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்கள் சுவரோரம் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட ஊற்ற மாட்டார்கள். வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண், நீரைக் குடித்ததும் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அவர் வீட்டுச் சுவர் ஒன்று ஏற்கெனவே அப்படிப் பிளந்து, பூசிய தடம் இன்னும் தெரிகிறது.

“ஏட்டி, எங்க சுவரு ரெண்டாப் போகணுமா? இன்னொரு சொட்டு இங்கன விழுந்துச்சு, கொழாயப் பிடுங்கி எறிஞ்சிருவேன்.”

மெக்கானிக்கோ தன் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். நானே ஒரு ரப்பர் குழாயை இணைத்துத் தெருச் சாக்கடைவரை இழுத்தேன். எங்கள் வாசல் மேடு. அதில் ஏற முடியாத நீர் திரும்பி, ஏசி வழியே அம்மாவின் படுக்கையில் சொட்டியது. குழாயைக் கழற்றிவிட்டுச் சந்தில் வாளி வைத்தேன். அது நிரம்பி வழிந்துவிடுமோ என்று கல்லூரித் தேர்வுக்கு ஒரு பக்கம் படிப்பதற்குள் பலமுறை எழுந்து போய்ப் பார்ப்பேன்.

தேர்வு நாளில் வாளியைக் கவனிக்க ஆளில்லை. ஏசியை அணைத்து, மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். வெயில் ஏற ஏற, எழுதிய வரிகளில் மனம் நிற்கவில்லை. முடிந்தவரை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

தெருவிலேயே ஏசியின் இரைச்சல் கேட்டது. அம்மா எழுந்து நடந்துவிட்டாரா? வாளி நிறைந்திருக்குமே என்று சந்துக்குள் ஓடினேன். என் வாளி இருந்த இடத்தில் பெரிய அண்டா ஒன்று இருந்தது. சுற்றிலும் மண் காய்ந்தே கிடந்தது.

உள்ளே, அத்தை ஒரு துண்டால் அம்மாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மைய இப்படி வேக வச்சிட்டாட்டி போவ? முனங்குற சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. நான் தண்ணியத்தான வேண்டாம்னேன், ஏசிய வேண்டாம்னேனா?”

நான் தடுமாறி நன்றி சொன்னேன்.

“அத நீயே வச்சிக்க. கொழாய எப்பம் மாத்தப்போற?”

“சிரிக்க வைக்காதீங்க மதினி, தையல் இழுக்குது” என்றார் அம்மா.

கொடை முடிந்து மெக்கானிக் வந்து, குழாயைச் சரிவாகப் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோனார். அவர் கடைசி இணைப்பை ஒட்டும்வரை அத்தை சந்தில் நின்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

உதவ வருகிறவர்கள் கோபம் தணிந்த பிறகுதான் வருவார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவர் கோபம் துளியும் குறையாமலேயே வந்து அம்மாவின் அருகில் அமர்ந்திருந்தார். இப்போதெல்லாம் யாரேனும் என்னிடம் கடிந்து பேசினால், அவருக்கு என்மீது அக்கறையே இல்லை என்று முடிவுகட்டத் தயங்குகிறேன்.